விமான இரைச்சலும் ஊர்ச் சட்டமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

இரவு ஒன்றே முக்கால் மணி. ஊர் அடங்கி, தெரு நாய்களும் சுருண்டு படுத்துவிட்ட நேரம். கிழக்கே ஓர் உறுமல் தொடங்கும். அது வளர்ந்து இடி போலாகி எங்கள் வீட்டின் மேலாகக் கடக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிரும். அலமாரியில் அடுக்கி வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். விடியற்காலை மூன்றரை மணிக்கு இட்லிக் கடை அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியவர் அவர். ஒன்றே முக்காலுக்குக் கலைந்த உறக்கம் அதன்பின் அவருக்கு வருவதில்லை.

எங்கள் தெரு ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் இருக்கிறது. மனை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அதுதான் என்று அப்பா ஒளிக்காமல் சொல்வார். அவர் மனை வாங்கிய காலத்தில் பகலில் இரண்டு மூன்று விமானங்கள் வந்து போகும். இரவில் ஒன்றும் இல்லை. ஆகவே நிலையம் எங்களுக்கு முன்பே இருந்தது. நள்ளிரவு விமானம் எங்களுக்குப் பின்பு வந்தது. இரண்டையும் சொல்லிவிடுவதே நியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த விமானம் வளைகுடா நாட்டுக்குப் போவது. கம்பி கட்டும் வேலைக்கு என் அண்ணன் அதில்தான் ஏறிப் போனார். அவர் அனுப்பும் பணத்தில்தான் நான் இந்தக் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் உறக்கத்தைக் கெடுக்கும் விமானமும் எனக்குப் படிப்பைத் தந்த விமானமும் ஒன்றே என்பதை எண்ணும்போது, இந்தக் கட்டுரையை வெறும் கோபத்தோடு எழுத என்னால் முடியவில்லை.

சென்ற ஆண்டு தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் நள்ளிரவு தாண்டியும் மைக் செட் அலறியது. காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தோம். அன்று முதல் பத்து மணிக்கு மைக் செட் நின்றது. அந்தத் துணிவில் தெருக்காரர்கள், "விமானத்துக்கும் ஒரு மனு எழுதுப்பா" என்றார்கள். தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரே பிள்ளை என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "இரவு விமானத்தை நிறுத்துக" என்று இரண்டு பக்கம் எழுதி, கையொப்பம் வாங்கி, ஊராட்சி மன்றத் தலைவரிடம் கொண்டு போனேன். அவர் முழுவதும் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, மைக் செட்டுன்னா நான் ஒரு வார்த்தையில நிறுத்திடுவேன். ஏரோப்ளேனை நான் எப்படிப்பா நிறுத்தறது? வானம் என் எல்லையிலயா இருக்கு?" என்றார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. மைக் செட்டின் இரைச்சலும் இரைச்சல்தான். விமானத்தின் இரைச்சலும் இரைச்சல்தான். ஒன்றை ஊர் அடக்க முடிகிறது. மற்றொன்றை ஏன் அடக்க முடியவில்லை? இதை எங்கள் கல்லூரி அரசியல் அறிவியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு சிறு நகரம் கேட்டு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது, அந்தத் தீர்ப்பைப் படி" என்றார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். படித்ததில் எனக்கு விளங்கியதை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலியின் கணக்கு

வழக்கிற்குள் நுழையும் முன் நம் துறையின் பாடத்தைச் சற்றுப் பார்த்துக்கொள்வோம். ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகால் குறிக்கிறோம். இது மடக்கை அளவு. ஒலியின் செறிவு இரு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். நம் செவியோ பத்து மடங்குச் செறிவை ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகவே உணர்கிறது. ஆகவே இரைச்சலைப் பாதியாகக் கேட்கச் செய்ய வேண்டுமானால் ஒலியின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை நீக்கியாக வேண்டும். சிறிய வேலை அன்று.

அதைச் செய்வது எங்ஙனம்? 1952ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் ஒரு விதியைக் கண்டார். எந்திரத்தின் பின்னால் பீறிட்டு வெளியேறும் வாயுத் தாரை எழுப்பும் ஒலியாற்றல், அத்தாரையின் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது அவ்விதி. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியாற்றல் 256இல் ஒரு பங்காகிவிடும். டெசிபல் கணக்கில் இது 24 குறைவு. முன்புறத்தில் பெரிய விசிறி பொருத்தி, மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளும் எந்திரங்கள் பழைய ஜெட் எந்திரங்களைவிட அமைதியாக இருப்பதற்கு இதுவே அடிப்படை. அதே உந்துவிசையைக் குறைந்த வேகத்தில் பெற்றுவிடுகிறார்கள்.

இங்கு ஒன்றை நாம் மனத்தில் இருத்த வேண்டும். எந்திரத்தை மாற்று என்று எந்த ஊராட்சியும் ஆணையிட முடியாது. ஓர் ஊருக்கென ஒரு விமானத்தை யாரும் செய்வதில்லை. ஒரே விமானம் நூறு ஊர்களில் இறங்குகிறது. ஆகவே "எவ்வளவு இரைச்சல்" என்பதற்கான விதியை நாடு முழுமைக்கும், ஏன், உலகம் முழுமைக்கும் பொதுவாகத்தான் வகுக்க முடியும். அமெரிக்க நாடாளுமன்றம் 1968இல் இதற்கான அதிகாரத்தைத் தன் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திற்கு அளித்தது. 1969இல் அந்நிர்வாகம் புதிய விமானங்களுக்கான இரைச்சல் வரம்பை வெளியிட்டது. 1971இல் பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பும் இதே நோக்கில் உலகத் தரத்தை வகுத்தது.

ஆனால் "எப்போது இரைச்சல்" என்பது வேறு கேள்வி. எந்த நேரத்தில் ஊர் உறங்குகிறது, எந்தத் திசையில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதெல்லாம் அந்தந்த ஊருக்குத்தான் தெரியும். எவ்வளவு என்பது மேலிருந்து வரவேண்டிய விதி. எப்போது என்பது கீழிருந்து தெரியவேண்டிய செய்தி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பின்வரும் வழக்கு விளங்கும்.

கோழிப்பண்ணையில் தொடங்கிய வழக்கு

"நிலம் யாருடையதோ, அதற்கு மேலுள்ள வானமும் அவருடையதே" என்பது மேலை நாட்டுச் சட்டத்தின் பழைய கொள்கை. விமானம் பறக்கத் தொடங்கிய பின் இக்கொள்கை எப்படி நிற்கும்? இக்கேள்விக்கு விடை தந்தது ஒரு கோழிப்பண்ணை வழக்கு.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊருக்கு அருகே காஸ்பி என்பவருக்கு 2.8 ஏக்கர் நிலம் இருந்தது. அதில் வீடும் கோழிப்பண்ணையும் இருந்தன. பக்கத்திலிருந்த விமான நிலையத்தை 1942 முதல் இராணுவ விமானங்கள் பயன்படுத்தலாயின. இறங்கும் பாதை அவர் வீட்டுக்கு வெறும் 67 அடி உயரத்தில் அமைந்தது. இரைச்சலிலும் விளக்கொளியிலும் மிரண்ட கோழிகள் பறந்து சுவரில் மோதி மாண்டன. ஒரே நாளில் ஆறு முதல் பத்துக் கோழிகள் வரை செத்தன. மொத்தம் ஏறத்தாழ 150 கோழிகள் போயின. பண்ணைத் தொழிலையே அவர் கைவிட நேர்ந்தது.

1946ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் தீர்ப்பு எழுதினார். வானம் பொதுவழி, பழைய கொள்கைக்கு இக்காலத்தில் இடமில்லை என்றார். ஆயினும் நிலத்தைப் பயன்படுத்த முடியாத அளவுக்குத் தாழ்வாகவும் அடிக்கடியும் பறந்தால், அரசு அந்நிலத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும். அதற்கு இழப்பீடு தரவேண்டும் என்றும் தீர்த்தார். 1962இல் பிட்ஸ்பர்க் நகர விமான நிலையத்தைப் பற்றிய கிரிக்ஸ் வழக்கிலும் அவரே தீர்ப்பு எழுதினார். அங்கே இழப்பீடு தர வேண்டியவர் விமானக் கம்பெனியோ மத்திய அரசோ அல்லர்; நிலையத்தை அமைத்து நடத்தும் மாவட்ட நிர்வாகமே என்றார்.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். இரைச்சலால் கேடு நேர்ந்தால் பணம் கட்டவேண்டியவர் நிலையத்தின் உரிமையாளர். அப்படியானால் இரைச்சலைக் குறைக்கும் அதிகாரமும் ஊராருக்கு இருக்குமல்லவா? பர்பாங்க் நகர மக்களும் இவ்வாறே எண்ணியிருக்கக்கூடும்.

ஞாயிறு இரவு பதினொன்றரை மணி

பர்பாங்க் என்பது கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டியுள்ள நகரம். அங்குள்ள ஹாலிவுட்-பர்பாங்க் விமான நிலையம் 1930இல் திறக்கப்பட்டது. வழக்கு நடந்த காலத்தில் அது லாக்ஹீட் ஏர் டெர்மினல் என்ற தனியார் நிறுவனத்திற்குச் சொந்தமாக இருந்தது. எங்கள் தெருவைப் போலவே அங்கும் நிலையம் முதலில் வந்தது. ஜெட் விமானங்கள் பின்னர் வந்தன.

1970ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பர்பாங்க் நகர மன்றம் ஊர்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானங்கள் அங்கிருந்து கிளம்பக் கூடாது. கிளம்ப நிலையமும் அனுமதிக்கக் கூடாது. இவ்வளவே அச்சட்டம். கல்யாண மண்டபத்திற்குப் பத்து மணி என்பது போல, ஜெட்டுக்குப் பதினொரு மணி.

இச்சட்டத்தால் பாதிக்கப்பட்ட விமானங்கள் எத்தனை என்று தேடிப் பார்த்தபோது நான் வியந்தேன். கால அட்டவணைப்படி ஓடிய விமானங்களில் ஒன்றே ஒன்றுதான்! பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனியின் விமானம் ஓக்லண்டிலிருந்து வந்து, ஞாயிறுதோறும் இரவு 11.30 மணிக்குப் பர்பாங்கில் கிளம்பிச் சான் டியகோவுக்குப் போகும். வாரத்திற்கு ஒரு முறை, கலிபோர்னியாவுக்குள்ளேயே ஓடும் ஒரு விமானம். அதற்காகத்தான் உச்சநீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. விமானம் ஒன்றானாலும் அதனுள் இருந்த கேள்வி பெரியது: வான்வழியின் நேரத்தை ஊர் குறிக்கலாமா?

லாக்ஹீட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் நகரம் தோற்றது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1972 அக்டோபரில், இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற புதிய மத்தியச் சட்டமும் வந்து சேர்ந்தது. 1973 மே 14ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் நகரத்திற்கு எதிராகவும் நால்வர் ஆதரவாகவும் நின்றனர். ஐவரின் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? கோழிப்பண்ணைக்காரருக்கு இழப்பீடு உண்டு என்று எழுதிய அதே டக்ளஸ்தான்.

ஐவரும் நால்வரும்

ஐவர் கூறிய காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. வான்வழி முழுவதும் ஒரே கண்காணிப்பில் இயங்குவது. ஒரு விமானம் ஓரிடத்தில் கிளம்பும் நேரம் மற்றோரிடத்தில் இறங்கும் நேரத்தோடு பின்னிக் கிடக்கிறது. பர்பாங்க் பதினொரு மணி என்று சொன்னால் பக்கத்து நகரம் பத்து மணி என்னும். அடுத்தது ஒன்பது என்னும். அப்போது தடை தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டுமென்று விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குவியும். நெரிசலால் பாதுகாப்பும் கெடும்; அந்த நேரத்து இரைச்சலும் மிகும். ஆகவே 1958ஆம் ஆண்டு விமானச் சட்டமும் 1972ஆம் ஆண்டு இரைச்சல் சட்டமும் இத்துறை முழுவதையும் மத்திய அரசின் கையில் வைத்துவிட்டன. ஊர் தன் காவல் அதிகாரத்தைக் கொண்டு இதில் கை வைக்க இடமில்லை. இதுவே அவர்கள் முடிவு.

நால்வரின் சார்பில் நீதிபதி ரென்குவிஸ்ட் மாறுபட்டு எழுதினார். இரைச்சலை அடக்குவது காலங்காலமாக ஊரின் வேலை. அந்த அதிகாரத்தைப் பறிப்பதென்றால் நாடாளுமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்; அப்படிச் சொல்லியிருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை என்பது அவர்கள் வாதம்.

முதலில் படித்தபோது நான் நால்வர் பக்கம் நின்றேன். மறுமுறை படித்தபோது ஐவரின் வாதத்திலும் உண்மை இருப்பதைக் கண்டேன். வளைகுடாவிலிருந்து என் அண்ணன் வரும் விமானம் அங்கே கிளம்பும் நேரத்தையும் பார்க்க வேண்டும், இங்கே இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். இரு முனைகளிலும் ஊர்கள் தனித்தனியே கதவடைத்தால் அண்ணன் எங்கே இறங்குவார்?

ஆனால் ஒரு குறை என் மனத்தை விட்டு அகலவில்லை. "எவ்வளவு", "எப்போது" என்று நான் மேலே பிரித்த இரண்டு கேள்விகளையும் அத்தீர்ப்பு ஒரே கையில் கொடுத்துவிட்டது. கொடுத்ததில் தவறில்லை. அந்தக் கை, பர்பாங்கின் ஞாயிறு இரவைப் பற்றிப் பர்பாங்க் மக்களிடம் கேட்டாக வேண்டும் என்ற கடமையை மட்டும் அதனோடு சேர்த்துக் கொடுக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பின் 14ஆம் அடிக்குறிப்பு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. விமான நிலையத்திற்கு உரிமையாளராகவே உள்ள நகரம் என்ன செய்யலாம் என்பதை நாங்கள் இங்கே முடிவு செய்யவில்லை என்றது அது. பர்பாங்க் தோற்றது நிலையம் அதற்குச் சொந்தமில்லாத நிலையில். இழப்பீடு கட்டுபவர் உரிமையாளர் என்ற கிரிக்ஸ் தீர்ப்பை நினைவுகூர்ந்தால், இந்தக் கதவு ஏன் திறந்திருந்தது என்பது விளங்கும்.

1978இல் பர்பாங்க், கிளெண்டேல், பசடேனா ஆகிய மூன்று நகரங்கள் கூடி ஓர் ஆணையம் அமைத்து அந்த நிலையத்தையே விலைக்கு வாங்கின. இனித் தடை வந்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் மற்றொரு சட்டம் இயற்றியது. அதன் ஒரு பாதி மக்களுக்கு நன்மை செய்தது: பழைய, இரைச்சல் மிகுந்த பெரிய ஜெட் விமானங்கள் 1999ஆம் ஆண்டு முடிவுக்குள் நாட்டின் பெரும்பகுதியில் ஓய்வு பெற்றாக வேண்டும் என்றது. மறு பாதி ஊரின் கையைக் கட்டியது: இனிப் புதிதாக நேரத்தடை விதிக்க விரும்பும் நிலையம், நீண்ட ஆய்வு செய்து மத்திய நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றது. பர்பாங்க் ஆணையம் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தி, இரவு 10 முதல் காலை 7 வரை தடை கேட்டு விண்ணப்பித்தது. 2009இல் மத்திய நிர்வாகம் அதை மறுத்துவிட்டது.

அதே கலிபோர்னியாவில் ஆரஞ்சு மாவட்டத்திற்குச் சொந்தமான ஜான் வெய்ன் விமான நிலையத்தின் கதை வேறு. அங்கே 1985இலேயே வழக்கொன்றில் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டுப்பாடுகளுக்கு விலக்கு அளித்ததால் அது பிழைத்துக்கொண்டது. பயணிகள் விமானங்கள் அங்கே இரவு 10 மணிக்கு மேல் கிளம்புவதில்லை. 11 மணிக்கு மேல் இறங்குவதில்லை. காலை 7 மணிக்குத்தான், ஞாயிறென்றால் 8 மணிக்குத்தான், மீண்டும் கிளம்பலாம். ஒரே மாநிலம், ஒரே வகை விமானங்கள், ஒரே வகை மனிதர்கள். ஓர் ஊர் உறங்குகிறது, மற்றோர் ஊர் விழித்திருக்கிறது. காரணம், காகிதத்தில் இருந்த ஒரு தேதி.

சிட்னி காட்டும் வழி

அப்படியானால் மத்திய அரசின் கையில் அதிகாரம் இருந்தால் ஊருக்கு நன்மையே வராதா என்ற ஐயம் எழலாம். ஆஸ்திரேலியா இதற்கு விடை தருகிறது. அங்கும் விமானப் போக்குவரத்து மத்திய அரசின் பொறுப்பே. ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றமே 1995இல் சிட்னி விமான நிலையத்திற்கென்று தனியாக ஒரு சட்டம் இயற்றியது. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே விமானங்களுக்குத் தடை. அவசர நிலைக்கும், குறிப்பிட்ட சில சிறிய, இரைச்சல் குறைந்த விமானங்களுக்கும் விலக்கு உண்டு. நாட்டுக்கே பொதுவான அதிகாரம், ஓர் ஊரின் உறக்கத்திற்காகப் பயன்பட்டது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் விமான நிலையத்திலும் 2011 முதல் இரவு 11 முதல் காலை 5 வரை கால அட்டவணை விமானங்களுக்குத் தடை உள்ளது. 2012இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனைக்கும் அது ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலையங்களுள் ஒன்று.

ஆகவே அதிகாரம் யார் கையில் என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்தக் கை ஊரின் பேச்சைக் கேட்கிறதா என்பதே அடுத்த கேள்வி, அதுவே பெரிய கேள்வி.

நம் நாட்டில்

நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 29ஆம் இனமாக விமானங்களும் வான்வழிப் போக்குவரத்தும் விமான நிலையங்களும் வைக்கப்பட்டுள்ளன. பொதுச் சுகாதாரமோ மாநிலப் பட்டியலின் 6ஆம் இனம். எங்கள் ஊராட்சித் தலைவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்ன விடை சட்டப்படி சரியானதே.

மைக் செட்டுக்கு உதவிய சட்டம் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். விமான நிலையச் சுற்றுப்புறத்திற்கென 2018இல் மத்திய அரசு தனி அளவுகளை அறிவித்தது. ஓராண்டில் 50,000 முறைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. மற்றவற்றிற்குப் பகலில் 65, இரவில் 60. இவை சராசரி அளவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சராசரி என்ற சொல்லை நம் துறை மாணவர்கள் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு விமானம் தலைக்கு மேல் கடக்கையில் 85 டெசிபல் ஒலி 20 வினாடி நீடிப்பதாகக் கொள்வோம். இரவின் எட்டு மணி நேரம் என்பது 28,800 வினாடி. ஓரிரவில் பத்து விமானங்கள் கடந்தால் இரைச்சல் நேரம் 200 வினாடி. இந்த ஆற்றலை இரவு முழுவதும் பரப்பிச் சராசரி கண்டால் 63.4 டெசிபல் வருகிறது. அதாவது 65 என்ற வரம்புக்கு உட்பட்டுவிடுகிறது! பத்து முறை திடுக்கிட்டு எழுந்த ஒருவரிடம், "உங்கள் இரவு சட்டப்படி அமைதியானது" என்று ஒரு கருவி கூற முடியும். கணக்கு பிழையன்று. ஆனால் உறக்கம் சராசரியால் கலைவதில்லை. ஒவ்வொரு விமானத்தாலும் கலைகிறது. ஒற்றை நிகழ்ச்சியின் உச்சத்தையும், ஓரிரவில் அது எத்தனை முறை நேர்கிறது என்பதையும் சேர்த்து அளந்தால்தான் ஊரின் உண்மை நிலை தெரியும்.

ஊர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2001இல் நான்கு வழிகளை வகுத்தது. எந்திரத்தின் இரைச்சலைக் குறைப்பது. நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவது. ஏறும் இறங்கும் முறைகளை மாற்றுவது. இவை போதாதபோது நேரத்தடை விதிப்பது. இவற்றுள் இரண்டாவது ஊராட்சியின் வாசலிலேயே இருக்கிறது. வீடு கட்ட ஒப்புதல் கேட்டு மக்கள் முதலில் போவது அங்கேதானே. ஓடுபாதைக்கு நேர்கோட்டில் மனைப் பிரிவுகள் இன்னும் பெருகுகின்றன. மலிவு என்று வாங்குபவர், என் அப்பாவைப் போல, விலையின் மறு பாதியை உறக்கத்தால் கட்டுகிறார். விற்பவர் அதைச் சொல்வதில்லை. ஊராட்சியாவது சொல்லலாம் அல்லவா?

முடிவுரை

நான் முதலில் எழுதிய மனுவுக்கு அம்மாவிடம் கையொப்பம் கேட்டபோது அவர் உடனே போடவில்லை. "நிறுத்தச் சொல்லி எழுதாதடா. அண்ணன் போன பிளேன் அது. வேற நேரத்துல போகச் சொல்லி எழுது" என்றார். அன்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எழுதத் தெரிந்தவன் நான் என்ற எண்ணம். ஐந்து நீதிபதிகளின் வாதத்தையும் நான்கு நீதிபதிகளின் வாதத்தையும் மூன்று வாரம் படித்த பின், பள்ளிக்கூடம் பார்க்காத என் தாய் சொன்ன இடத்திற்கே வந்து சேர்ந்தேன்.

மனுவைத் திருத்தி எழுதினேன். இம்முறை அது ஊராட்சிக்கு மட்டும் போகவில்லை; விமான நிலைய நிர்வாகத்திற்கும், மாவட்ட ஆட்சியருக்கும், மத்திய அரசின் துறைக்கும் போயிருக்கிறது. "நிறுத்துக" என்ற சொல் அதில் இல்லை. எங்கள் தெருவில் கருவி வைத்து, சராசரியை மட்டுமன்றி ஒவ்வொரு விமானத்தின் ஒலியையும் அளந்து வெளியிடுங்கள். காற்று இடங்கொடுக்கும் இரவுகளில் மறுதிசையில் கிளம்பச் செய்யுங்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று கம்பெனியைக் கேளுங்கள். முடியாதென்றால் ஏன் முடியாதென்று எங்களிடம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறோம். ஊராட்சிக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: ஓடுபாதைக்கு நேரான மனைகளுக்கு ஒப்புதல் அளிக்கும்போது வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். தலைவர் இதைப் படித்துவிட்டு, "இது என் எல்லையிலதான் இருக்கு தம்பி" என்று கூறி வாங்கிக்கொண்டார். முதற் கையொப்பம் அம்மாவினுடையது. மற்ற இடங்களிலிருந்து இதுவரை பதில் வரவில்லை.

மாணவ நண்பர்களே! அறிவியல் படிக்கும் நாம் டெசிபலை அளக்கக் கற்கிறோம். அளந்த எண்ணை யாரிடம் கொண்டுபோய் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்வோம். அதிகாரம் டெல்லியில் இருக்கலாம். இரைச்சல் எங்கள் கூரையில்தான் இறங்குகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை ஒரு மனுவாவது கடக்க வேண்டும். அதை எழுத, தெருவுக்கு ஒருவராவது படித்திருக்க வேண்டும்.